கயாக்கில் மீன் பிடிக்கப் போறீங்களா? தூண்டிலுக்கு முன்னால் காற்றைப் பாருங்க!

கோடை நாளில் காலை 6 மணிக்கு முட்டுக்காடு உப்பங்கழியில் தண்ணீர் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். துடுப்பை மெல்லப் போட்டாலே கயாக் வழுக்கிக்கொண்டு மேற்கே போகும். மதியம் கடல்காற்று ஏறிய பிறகு நிலைமை தலைகீழ். காற்று கிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும். காலையில் 20 நிமிடத்தில் கடந்த தூரத்துக்கு, திரும்பி வரும்போது ஒரு மணி நேரம் மூச்சு வாங்கத் துடுப்புப் போட வேண்டியிருக்கும்.

கயாக்கில் உட்கார்ந்து தூண்டில் போடுவதில் இப்போது பலருக்கும் ஆர்வம் வந்திருக்கிறது. எந்த ராட், எந்த லூர் வாங்கலாம் என்று சொல்லித்தர வீடியோக்கள் ஏராளம். எப்போது கிளம்ப வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதை மட்டும் புதியவர்கள் கோட்டை விட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கருவிகள், மீன்கள், காற்று, பாதுகாப்பு என எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கயாக் எங்கிருந்து வந்தது?

ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனூயிட் மக்கள் வேட்டைக்காகச் செய்துகொண்ட படகுதான் கயாக். மரச்சட்டத்தின் மேல் விலங்குத் தோலை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு ஆள் உட்கார மட்டும் துளை விட்டிருப்பார்கள்.

இன்று மீன்பிடிக்க அதிகம் பயன்படுவது 'சிட்-ஆன்-டாப்' வகை. இதில் படகுக்குள் நுழைய வேண்டாம், மேலேயே உட்காரலாம். தளத்தில் உள்ள துளைகள் வழியாகத் தண்ணீர் தானாக வடிந்துவிடும். நம்ம ஊர் கட்டுமரத்திலும் இதே யோசனைதான்: அலை மேலே ஏறினாலும், கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கிப் போய்விடும். ஆங்கிலத்தில் உள்ள 'கேட்டமரான்' என்ற சொல்லே கட்டுமரத்திலிருந்து போனதுதான்.

எந்தக் கயாக் வாங்கலாம்?

புதியவர்களுக்கு 10 முதல் 12 அடி நீளமும் 30 முதல் 36 அங்குல அகலமும் உள்ள சிட்-ஆன்-டாப் சரியாக இருக்கும். அகலம் கூடினால் ஆட்டம் குறையும், வேகமும் குறையும். நீளம் கூடினால் நேராகப் போகும், ஆனால் திருப்புவது கஷ்டம்.

கயாக்கில் எழுதியிருக்கும் எடை அளவு முழுவதையும் ஏற்றக் கூடாது. உங்கள் எடை, சாமான், குடிநீர், பிடிக்கப்போகும் மீன் எல்லாம் சேர்ந்து அதில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

பெடல் கயாக்கில் கைகள் சும்மா இருப்பதால் தூண்டில் போட வசதி. ஆனால் ஆழம் குறைந்த, பாசி நிறைந்த ஏரியில் பெடலின் இறக்கை சிக்கிக்கொள்ளும். அதனால் பெடல் இருந்தாலும் துடுப்பு கையில் இருக்க வேண்டும். காற்றடைத்த கயாக் காரில் வைக்க எளிது. எடை குறைவு, தண்ணீருக்கு மேலே உயரமாக நிற்கும் என்பதால் காற்று அதைச் சீக்கிரம் இழுத்துப் போய்விடும்.

ராட், ரீல், நரம்பு: எவ்வளவு போதும்?

கயாக்கில் இடம் கொஞ்சம்தான். இரண்டு ராட், ஒரு சின்னப் பெட்டி போதும். கரையிலிருந்து வீசுவதற்கு நீளமான ராட் வேண்டும். கயாக்கில் மீன் இருக்கும் இடத்துக்கே போய்விடலாம் என்பதால் 6 முதல் 7 அடி ராட் தாராளம். அதற்கு 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் பொருந்தும்.

பிரெய்டு நரம்பு மெல்லியது, பலமானது. ஆனால் கல்லில், சிப்பியில் உரசினால் அறுந்துவிடும். அதனால் அதன் முனையில் இரண்டு, மூன்று அடிக்குத் தடித்த மோனோ அல்லது ஃப்ளூரோகார்பன் நரம்பைக் கட்டுவது வழக்கம். இதற்கு 'லீடர்' என்று பெயர்.

ரீலில் 'டிராக்' என்ற திருகு இருக்கும். மீன் வேகமாக இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுப்பது அதுதான். நரம்பு தாங்கும் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டிராக்கை வைக்கலாம். கயாக்கில் இது ரொம்ப முக்கியம். டிராக்கை இறுக்கி வைத்திருந்தால், பெரிய மீன் பக்கவாட்டில் இழுக்கும்போது உங்கள் உடம்பும் அந்தப் பக்கம் சாயும், கயாக் கவிழும். மீன் மாட்டியதும் ராடை முன்முனைப் பக்கம் திருப்புங்கள். மீன் கயாக்கை முன்னால் இழுத்துக்கொண்டு போகட்டும். அது சீக்கிரம் களைத்துவிடும்.

ஏரியில் விரால்: எங்கே தேடுவது?

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும், மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அமைதியான காலையில் அது மேலே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். அல்லி இலை, கோரை, ஆகாயத்தாமரை ஓரங்கள்தான் அதன் வீடு.

இங்கே ரப்பர் தவளை லூர் நன்றாக வேலை செய்யும். அதன் முள் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடியில் சிக்காது. விரால் பாய்ந்ததும் பதறி உடனே இழுக்க வேண்டாம். ஓரிரு நொடி விட்டு இழுத்தால் முள் நன்றாக ஏறும். செடிகளுக்கு நடுவிலிருந்து இழுக்க வேண்டும் என்பதால் 40 பவுண்டு பிரெய்டு கட்டுவது நல்லது.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதந்தால், கீழே தாய் தகப்பன் விரால்கள் காவல் இருக்கின்றன என்று அர்த்தம். அவற்றைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். அந்த இடத்தை விட்டுவிட்டு நகர்வதே நியாயம்.

உப்பங்கழியில் கொடுவா: எப்போது கிடைக்கும்?

கொடுவா கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே போய்வரும் மீன். வற்றம் தொடங்கி தண்ணீர் கடலை நோக்கி இறங்கும்போது, சிறு ஓடைகளிலிருந்து இறாலும் மடவைக் குஞ்சும் வெளியே அடித்து வரப்படும். கொடுவா அந்த ஓடை வாயிலும், பாலத் தூண்களின் நிழலிலும் காத்திருக்கும். சிறு மீன் வடிவ லூரை நீரோட்டத்தோடு வரும்படி இழுப்பது நல்ல உத்தி. கயாக்கை மெதுவாகச் செலுத்தியபடி லூரைப் பின்னால் இழுத்துப் போகும் 'ட்ரோலிங்' முறையும் பலன் தரும்.

கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி கூர்மையானது. நரம்பையும் அறுக்கும், விரலையும் கிழிக்கும். லீடரும் குறடும் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இந்த மீன் பெரும்பாலும் ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். ஆகவே ரொம்பப் பெரிய கொடுவா என்றால் அது முட்டையிடும் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப விடுவது அந்த உப்பங்கழிக்கே நல்லது.

காற்று ஏன் இவ்வளவு முக்கியம்?

சாதாரணமாக ஒருவர் கயாக்கை மணிக்கு 4 முதல் 5 கி.மீ. வேகத்தில் செலுத்தலாம். காற்று முதுகில் இருக்கும்போது 3 கி.மீ. தூரத்தை 30 நிமிடத்தில் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். திரும்பும்போது காற்று எதிர்த்து, வேகம் மணிக்கு 2 கி.மீ. ஆகக் குறைந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவும் வெயிலில், களைத்த கைகளோடு!

ஏரியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. காற்று, நீர்மேல் உள்ள நுண்ணுயிர்களை எதிர்க்கரைக்குத் தள்ளும். அவற்றைத் தின்ன சிறு மீன்கள் போகும், அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் போகும். அதாவது மீன் அதிகம் இருப்பது காற்று தள்ளும் கரையில். அங்கே போவது சுலபம், திரும்புவதுதான் கஷ்டம். ஆகாயத்தாமரையும் அதே கரையில்தான் வந்து அடையும். அதற்குள் சிக்கினால் துடுப்புப் போடவே இடம் இருக்காது.

இதற்கு எளிய தீர்வு, முடிந்தால் மீன் இருக்கும் அந்தக் கரையிலிருந்தே இறங்குவது. முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். பிறகு காற்றோடு மிதந்தபடி தூண்டில் போட்டுக்கொண்டே வந்தால், களைத்த நேரத்தில் காற்றே உங்களைக் கரை சேர்க்கும்.

கடலில் இதைவிடக் கவனம் தேவை. ஜூன், ஜூலை மாதங்களில் சென்னைக் கடற்கரையில் காலை நேரத்தில் மேற்குக் காற்று, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கிய காற்று வீசும். கரையோரம் மரமும் கட்டடமும் மறைப்பதால் தண்ணீர் அமைதியாகவே தெரியும். உள்ளே போகப் போகக் காற்று கூடும், கயாக்கை மேலும் உள்ளே தள்ளும். அமைதியைப் பார்த்து ஏமாறக்கூடிய இடம் இதுதான். கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும் நாளில் கயாக்கைக் கடலில் இறக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

தண்ணீரில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் புதியவர்கள் கரை திரும்ப வேண்டும். எங்கு பார்த்தாலும் நுரை என்றால் காற்று மணிக்கு 20 கி.மீ.யைத் தாண்டிவிட்டது என்று பொருள். இடிச்சத்தம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், உடனே கரைதான்.

முகத்துவாரத்துக்கு ஏன் போகக் கூடாது?

உப்பங்கழி கடலைச் சேரும் வாயில், வற்ற நேரத்தில் தண்ணீர் வேகமாக வெளியேறும். எதிரே கடல் அலை உள்ளே வரும். இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீரோட்டம் இன்னும் வேகம். முகத்துவாரத்திலிருந்து தள்ளியே இருங்கள்.

நங்கூரத்திலும் கவனம் வேண்டும். நீரோட்டத்தில் கயாக்கின் நடுப்பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டினால், கயாக் குறுக்கே திரும்பித் தண்ணீர் ஏறிக் கவிழ்ந்துவிடும். முன்முனையிலோ பின்முனையிலோ மட்டுமே கட்ட வேண்டும். சட்டென அறுக்க ஒரு கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கவிழ்ந்தால் என்ன செய்வது?

முதல் விதி, லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும். கயாக்கின் பின்னால் கட்டி வைத்த ஜாக்கெட் கவிழ்ந்த பிறகு உதவாது. துடுப்புக் கையைத் தடுக்காத 50 நியூட்டன் ஜாக்கெட்டைப் பலரும் போடுகிறார்கள். ஆனால் அது நீச்சல் தெரிந்தவர்களுக்கானது. நீச்சல் தெரியாதவர்கள் 100 நியூட்டன் ஜாக்கெட்டுடன், துணையோடு மட்டுமே இறங்க வேண்டும்.

கவிழ்ந்ததும் கயாக்கை விட்டு நீந்திப் போகாதீர்கள். கயாக் மிதக்கும், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கும் தெரியும். முதலில் அதை நிமிர்த்துங்கள். பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து, வயிறு படும்படி குறுக்கே ஏறுங்கள். பிறகு புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுங்கள். இதை இடுப்பளவுத் தண்ணீரில் பத்து முறையாவது பழகிய பிறகே ஆழத்துக்குப் போக வேண்டும்.

எல்லா ஏரியிலும் இறங்கலாமா?

கூடாது. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி போன்றவை சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்கள். பழவேற்காடு ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம். பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். நீர்வளத் துறை, மீன்வளத் துறை, வனத்துறை, உள்ளூர் குத்தகைதாரர் என யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வரிசையாகத் தக்கை மிதந்தால் கீழே வலை இருக்கிறது என்று அர்த்தம். சுற்றித்தான் போக வேண்டும். உங்களுக்கு இது பொழுதுபோக்கு. வலை அறுந்தால் அந்தக் குடும்பத்துக்கு அன்றைய சாப்பாடு போச்சு. இறங்கும் முன் கரையில் இருக்கும் மீனவரிடம் "அண்ணே, இன்னைக்குக் காத்து எப்படி?" என்று கேளுங்கள். எந்த ஆப்பும் சொல்லாத விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

• இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை, இன்காய்ஸ் மையத்தின் கடல்நிலை அறிவிப்பு.

• எங்கே இறங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிடுங்கள்.

• விசில், தண்ணீர் புகாத பையில் செல்போன், குடிநீர், தொப்பி, குறடு, கத்தி.

• துடுப்பைக் கயாக்கோடு இணைக்கும் கயிறு. துடுப்பு போனால் எல்லாம் போச்சு.

• கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554, மற்ற இடங்களில் 112.

காலை 6 மணிக்கு இறங்கினால், 10 மணிக்குக் கரையில் இருப்பது போலத் திட்டமிடுங்கள். மீன் நன்றாகக் கடிக்கும் நேரத்தில் திரும்ப மனசு வராதுதான். ஆனால் மீன் நாளைக்கும் அங்கேயே இருக்கும்.