மேடைத் தமிழ் பிறந்த வகுப்பறை

தலைநகரில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுள் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயில்வோர் பலர் தத்தம் பள்ளிகளில் பேச்சுக் குழுவிற் சேர்ந்திருக்கின்றனர். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வாதிட்டுக் கோப்பைகளோடு வீடு திரும்புகின்றனர். அதே பிள்ளைகளைச் சங்கத்துத் தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு அழைத்தால் மட்டும் தயங்குகின்றனர். “எனக்கு அவ்வளவு தமிழ் வராது, மாமா” என்பதே கிடைக்கும் மறுமொழி. பெற்றோரும் அதை மறுப்பதில்லை. மேடைத் தமிழ் என்பது தாயகத்திற் பிறந்து வளர்ந்தோர்க்கே வாய்க்கும் பேறு என்றும், ஆயிரம் ஆண்டு மரபு இல்லாத நாவிற்கு அது படியாது என்றும் நம்மிற் பலர் எண்ணுகின்றோம். மேடைத் தமிழின் வரலாறு இவ்வெண்ணத்திற்கு இடந்தரவில்லை என்பதை இவண் சிறிது எடுத்துரைக்க விழைகின்றோம்.

தமிழர் பண்டுதொட்டே சொல்வன்மையைப் போற்றினர் என்பது மெய்தான். வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கும் அவை அஞ்சாமைக்கும் இரண்டு அதிகாரங்களும் வகுத்தார். மணிமேகலையிற் சமயவாதிகள் தத்தம் கொள்கையை எடுத்தோதுகின்றனர். ஆயினும் அவை வேறு, மேடை வேறு. அவையில் இருப்போர் கற்றோர். மேடைக்கு முன் அமர்வோர் உழவரும் தொழிலாளரும் வணிகரும் சிறுவருமாகிய பொதுமக்கள். அவர்களை நோக்கி ஒருவர் எழுந்து நின்று, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, உரைநடையில் ஒரு மணி நேரம் பேசும் வழக்கம் நம்மிடையே மிகப் பழைமையானதன்று. கோயில்களிற் புராணம் படித்தனர். ஒருவர் பாட்டை இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் சொல்லுவார். திண்ணைப் பள்ளியிலோ, சட்டாம்பிள்ளை சொல்ல மற்றப் பிள்ளைகள் உரத்துத் திருப்பிச் சொல்லி மனனம் செய்தனர். பிள்ளை தானாக நான்கு வாக்கியம் பேசவேண்டும் என்று அங்கு எவரும் கேட்டதில்லை.

இந்நிலை மாறிய நாள் ஒன்றைச் சுட்டிக் காட்டலாம். அது 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் எழுந்து நின்று பிரசங்கம் செய்தார். 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுகம் என்பவர் அவர். மெதடிஸ்த மிஷனாரின் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராக அமர்ந்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தவர். பாதிரிமார் பொதுமக்களுக்குத் தங்கள் சமயத்தை எளிய உரைநடையில் எடுத்துச் சொல்லும் முறையை அவர் அணுக்கத்தில் இருந்து கண்டார். அம்முறையைச் சைவத்திற்கு ஆக்கிக்கொண்டார். வெள்ளிதோறும் பிரசங்கம் தொடர்ந்தது. 1848இல் வண்ணார்பண்ணையிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருடைய பேச்சைக் கேட்டு மகிழ்ந்து ‘நாவலர்’ என்னும் பட்டம் அளித்தனர். நாவினால் வந்த பட்டம் பின்னர் அவர் பெயராகவே நிலைத்துவிட்டது.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. நாவலர் பேச்சைக் கற்ற இடம் புலவர் அவை அன்று. அயலார் நடத்திய பள்ளி. வேற்று மொழியாரும் வேற்றுச் சமயத்தாரும் சூழ்ந்த இடத்தில் இருந்துகொண்டு, அவர்களிடம் கண்ட முறையைத் தம் மொழிக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலப் பள்ளியில் வாதப்போர் பழகும் நம் பிள்ளைகளின் நிலையும் ஏறத்தாழ அதுவே அல்லவா?

சமயத்துறையில் இவ்வாறு தொடங்கிய மேடைத் தமிழ் அரசியலை எட்டுவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. சென்னையிற் படித்தவர்களின் அரசியற் பேச்சு பெரிதும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. சுதேசமித்திரனைத் தோற்றுவித்த ஜி. சுப்பிரமணிய ஐயர் போன்ற சிலரே ஊர்ப்புறங்களிற் சென்று தமிழிற் பேசினர். 1907 மே மாதத்தில் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையிற் பேசியபோது பெருங்கூட்டம் திரண்டது; பேச்சு ஆங்கிலத்தில்.

அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் நிலைமை அடியோடு மாறியது. வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கூட்டம் கூட்டித் தமிழிற் பேசினர். 1908 பிப்ரவரி இறுதியிற் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்ட அவர்களுக்கு எழுத்தறிவு இல்லை. ஆனால் செவி இருந்தது. ஒரு வாரத்திற்கு மேல் நீடித்த அப்போராட்டத்தில் ஆலையார் இறங்கி வந்தனர். மார்ச்சு 12ஆம் நாள் இருவரும் சிறைப்பட்டனர். சூலை 7ஆம் நாள் சிவாவிற்குப் பத்தாண்டுத் தண்டனையும், சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. அவை மேல்முறையீட்டிற் பின்னர்க் குறைந்தன. அவர்கள் மீது சாட்டப்பட்ட குற்றம் யாது? பேசியது. ஆங்கிலத்திற் பேசியவர்களை ஆட்சியாளர் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டனர். தமிழிற் பேசிய பேச்சு அவர்களை நடுங்கச் செய்தது எனலாம்.

பத்தாண்டு கழித்து, 1918 ஏப்ரலிற் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது அதன் மேடையில் தமிழ் ஒலிக்கச் செய்தவர் திரு. வி. கலியாணசுந்தரனார். அதற்குச் சற்று முன்புவரை அவர் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியர். நாவலரும் ஆசிரியர், திரு. வி. க.வும் ஆசிரியர், அறிஞர் அண்ணாவும் சிறிது காலம் பள்ளியிற் பாடம் சொன்னவர். புரியாத முகத்தைக் கண்டவுடன் வேறு சொல்லைத் தேடும் பழக்கம் வகுப்பறையில் வருவது போல் வேறெங்கும் வருவதில்லை என்பது நம் துணிபு.

இத்தலைநகருக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. வலங்கைமானிற் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக விளங்கிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1919இல் இங்குள்ள சட்டசபையில் ரௌலட் மசோதாவை எதிர்த்து ஆங்கிலத்தில் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுவது. திருமயத்துச் சத்தியமூர்த்தி 1935 முதல் மத்திய சட்டசபையில் முழங்கினார். தமிழ் மேடையிலும் அவர் சிங்கமே. நாடக மேடையில் மனோகரனாக நடித்த நாவும் அதுதான். 1962 மே 1ஆம் நாள் அண்ணா மாநிலங்களவையில் தம் முதலுரையை நிகழ்த்தினார். ஒரு மொழியின் பயிற்சி மற்றொரு மொழியின் மேடைக்கு இடையூறு அன்று என்பதற்கு இம்மூவரினும் வேறு சான்று வேண்டுமோ? 1923இல் நம் முன்னோர் இங்குச் சிறு பள்ளியாகத் தொடங்கிய முயற்சி இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக வளர்ந்திருப்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

இனி நம் போட்டிக்கு வருவோம். நடப்பது என்ன? தலைப்பு அறிவித்ததும் அப்பா ஒரு கட்டுரை எழுதுகிறார். தமிழ் எழுத்து அறியாத பிள்ளைக்கு அதனை நாகரி எழுத்திற் பெயர்த்துக் கொடுக்கிறார். பத்து நாள் உருப்போடுதல் நடக்கிறது. மேடையில் மூன்றாம் வாக்கியம் மறந்துவிட்டால் முழுதும் மறந்துபோகிறது. பிள்ளை கண்ணீரோடு இறங்குகிறது. மறுபடி அது மேடை ஏறுமா? இது நாவலர் தொடங்கிய வழி அன்று. அவருக்கு முற்பட்ட திண்ணைப் பள்ளியின் வழி. அதே பிள்ளையைப் பள்ளிப் பேச்சுக் குழுவில் நாம் இவ்வாறு நடத்துவதில்லை. அங்கு அது தானே குறிப்பெடுக்கிறது. எதிரணி சொல்வதைக் கேட்டு அந்நொடியிலேயே விடை தொடுக்கிறது.

நடுவர்களாக அமரும் பெரியோரிடமும் ஒன்று சொல்லவேண்டும். ழகரம் பிறழ்ந்தமைக்கும், இடையில் ஓர் இந்திச் சொல் புகுந்தமைக்கும் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, அப்பா எழுதிய அடுக்குமொழிக்கு முதற்பரிசு வழங்குகின்றனர். சென்ற ஆண்டு ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தன் வீட்டுக் கொலுவைப் பார்க்க வந்த பஞ்சாபிப் பாட்டிக்குப் படிகளின் பொருளைத் தான் விளக்கிய கதையைத் தன் சொந்தச் சொற்களிற் கூறினாள். பிழைகள் பல இருந்தன. ஆனால் அன்று மாலை அவையோர் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து கேட்டது அவள் ஒருத்தியைத்தான். அவளுக்குப் பரிசு இல்லை.

ஆகவே வரும் ஆண்டுப் போட்டிக்குச் செயற்குழுவினர் முன் சிலவற்றை வைக்கின்றோம். ஆறு முதல் எட்டாம் வகுப்பினருக்குத் தலைப்பைப் போட்டி தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்னர் அறிவித்தாற் போதும். தலைப்பு வீட்டையும் தெருவையும் பள்ளியையும் பற்றியதாக இருக்கட்டும். குறிப்புத்தாள் தமிழிலோ நாகரியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். ஆனால் அதைப் பிள்ளையே எழுதவேண்டும், அதுவும் அரைப்பக்கத்திற்கு மேற்படலாகாது. பேசி முடித்ததும் நடுவர் ஒரு கேள்வி கேட்கட்டும். அதற்குரிய விடைக்கும் மதிப்பெண் உண்டு. அந்த அரைமணி நேரம் பெற்றோர் வெளியே தேநீர் அருந்திக்கொண்டிருக்கலாம்.