கார் பகிர்வு

சொந்தமாக வாங்காமல், ஒரு பொதுத் தொகுப்பிலுள்ள காரை வேண்டிய நேரத்துக்கு மட்டும் எடுத்து ஓட்டிவிட்டு நிறுத்திவிடும் முறை. சென்னை ஷேர் ஆட்டோ இதில் சேராது: அங்கே பங்கிடப்படுவது பயணம், இங்கே வண்டி. வாடகைக் கார் நாள் கணக்கில் கிடைக்கும். கார் பகிர்விலோ உறுப்பினராகிவிட்டால் மணிக்கணக்கில் எடுக்கலாம். பகிர்வுப் பொருளாதாரம் என்று பின்னால் பெயர்பெற்றதன் மிகப் பழைய கிளைகளில் இது ஒன்று.

1948இல் ஜூரிச் நகரில் தொடங்கிய செஃபாகே என்ற கூட்டுறவுச் சங்கமே இதன் முன்னோடி. நோக்கம் எளிது: தனியாகக் கார் வாங்க வசதியில்லாதவர்கள் சேர்ந்து வைத்துக்கொள்வது. 1974இல் ஆம்ஸ்டர்டாமில் லூட் ஷிம்மல்பெனிங்க் 'விட்கார்' என்ற சிறு மின்வண்டிகளை ஓடவிட்டார். காலத்துக்கு முந்திய யோசனை; 1980களில் நின்றுபோனது. 1987இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த இரு சங்கங்கள் 1997இல் இணைந்து 'மொபிலிட்டி' ஆயின. பெர்லினில் 1988இல் 'ஸ்டாட்ஆட்டோ' வந்தது.

பெர்லினில் இந்த முறையைக் கண்ட ஆன்ட்யே டேனியல்சன், ராபின் சேஸுடன் சேர்ந்து 2000இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் 'ஜிப்கார்' தொடங்கினார். இணையத்தில் பதிவு செய்து, கார் கண்ணாடியில் அட்டையைக் காட்டினால் கதவு திறந்தது. சங்கத்துக்காரர்களின் ஏற்பாடு இங்கே முதலீட்டாளர்களின் தொழிலாக மாறியது. 2011இல் பங்கு ஒன்று 18 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. 2013இல் ஏவிஸ் வாடகைக் கார் நிறுவனம் அதையே பங்குக்கு 12.25 டாலர் வீதம், ஏறத்தாழ 50 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.

வாங்கியதன் கணக்கு சுவையானது. ஏவிஸ் கார்களை அதிகம் எடுப்பவர்கள் வேலை நாட்களில் வெளியூர் வரும் அலுவலர்கள். சனி, ஞாயிறில் வண்டிகள் சும்மா நிற்கும். ஜிப்காருக்கோ அந்த இரு நாட்களில்தான் தட்டுப்பாடு. அங்கே நிற்பதை இங்கே ஓட்டினால் புது வண்டி வாங்கும் செலவு மிச்சம். போட்டியாளராக வந்தது, பழைய நிறுவனத்தின் ஓட்டையை அடைக்கும் துணியாகிவிட்டது. ஹெர்ட்ஸ், எண்டர்பிரைஸ் ஆகிய வாடகை நிறுவனங்கள் 2008இலேயே சொந்தமாகப் பகிர்வுச் சேவை தொடங்கியிருந்தன.

கார் விற்றுப் பிழைப்பவர்களே காரை வாங்கவேண்டாம் என்னும் தொழிலில் இறங்கியது இன்னும் விசித்திரம். டைம்லர் 2008இல் ஊல்ம் நகரில் 'கார்டூகோ'வைத் தொடங்கியது. எடுத்த இடத்திலேயே திருப்பி விட வேண்டியதில்லை, நகரின் குறித்த எல்லைக்குள் எங்கும் நிறுத்தலாம். பிஎம்டபிள்யூ 2011இல் மியூனிக்கில் 'டிரைவ்நவ்' கொண்டுவந்தது. தனித்தனியே ஓட்டிக் கட்டுப்படியாகாமல், 2019இல் இரு போட்டியாளர்களும் அவற்றை 'ஷேர்நவ்' என்று ஒன்றாக்கினர். அது 2020இல் வட அமெரிக்காவை விட்டு வெளியேறியது; 2022இல் ஸ்டெல்லாண்டிஸ் என்ற கார் நிறுவனத்தின் கைக்குப் போனது.

சுவிட்சர்லாந்தின் மொபிலிட்டி கூட்டுறவுச் சங்கமாகவே தொடர்கிறது.