எண் இல்லாத பறை

உழவர்கரை நகராட்சிக்குள் வரும் கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) சமாதி இருக்கிறது. அவர் வளர்த்த இசை நாடகத்திற்கு உயிர்மூச்சு ஆர்மோனியம். 1840களில் பாரீஸில் தெபேன் உரிமம் பெற்ற ஐரோப்பியப் பெட்டி அது. 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. கட்டைகளின் சுருதி அசையாது, கமகம் வராது என்பதே சொல்லப்பட்ட காரணம். 1970களில்தான் தடை தளர்ந்தது. வானொலி ஒதுக்கிய அந்த முப்பது வருஷமும் நாடகக் கொட்டகையும் கூத்து மேடையும் அதைக் கைவிடவில்லை. எது 'நம்' பக்கவாத்தியம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஓரிடத்தில் இருந்தது. வாசித்த கைகள் வேறிடத்தில் இருந்தன.

கம்ப்யூட்டரில் பக்கவாத்தியம் தேர்கிறபோது இதே கேள்வி திரும்பி வருகிறது. 1983இல் 'மிடி' வந்தது. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார். 1990இல் கனடாவிலிருந்து வந்த 'பேண்ட் இன் எ பாக்ஸ்', கார்டுகளைத் தட்டச்சு செய்தால் டிரம்ஸ், பேஸ், பியானோ எல்லாவற்றையும் தானே போட்டுத் தந்தது. கார்டு இல்லாத நம்ம பாட்டுக்கு அதில் இடம் குறைவு.

1991இல் வந்த 'ஜெனரல் மிடி' 128 வாத்தியங்களுக்கு நிரந்தர எண் கொடுத்தது. 105 சிதார், 112 ஷெனாய். நாகஸ்வரத்துக்கு எண் இல்லை. தாள வாத்தியங்களுக்கென ஒதுக்கிய 47 ஒலிகளில் கோங்கா, போங்கோ உண்டு. தவில், மிருதங்கம், பறை எதுவும் கிடையாது. பறை வேண்டுமா? 117ஆம் எண்ணில் ஜப்பானியத் தைக்கோ இருக்கு, அதை வெச்சு ஒப்பேத்திக்கலாம்! யாரைக் கேட்டு எண் போட்டாங்க?

இன்று இந்தியக் கருவிகளின் ஒலிமாதிரித் தொகுப்புகள் விலைக்குக் கிடைக்கின்றன. தேர்வு செய்பவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஒரே அடியின் பதிவு திரும்பத் திரும்ப வந்தால் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு அடியும் மெதுவாகவும் ஓங்கியும் பல தடவை பதிவாகியிருக்க வேண்டும். பறையில் சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் வேறு வேறு பேசும். தோலைத் தீயில் காய்ச்சிய உடனே ஒரு குரல், ஆறிய பின் இன்னொரு குரல். எந்தக் குரலைப் பதிந்தார்கள்? நாகஸ்வரமென்றால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற இடம்தான் சோதனை.

இதற்குமேல் அரசியல் இருக்கிறது. பல கோயில்களில் மோட்டார் வைத்த மேளமும் மணியும் பூஜை நேரத்தில் தானே அடித்துக்கொள்கின்றன. மேளக்காரர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பறையின் கதை இன்னும் சிக்கலானது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்பது தலித் மக்களின் போராட்டக் குரல். பறையை விடுதலையின் கலையாக மீட்டெடுத்ததும் அதே மக்கள்தான். ஊழியத்தை மெஷின் ஏற்றுக்கொண்டால் நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் மெஷினுக்குள் அடிப்பதும் ஒரு மனிதரின் கைதான். ஒருநாள் கூலிக்குப் பதிந்த அடி, காலத்துக்கும் விற்கிறது. ஊழியம் ஒழிகிற இடத்தில் உரிமையும் சேர்ந்து போய்விடக் கூடாது.

ஆகவே தொகுப்பை வாங்குமுன் அடித்தவர் பெயர் அதில் இருக்கிறதா, அவருக்கு விற்பனையில் பங்கு உண்டா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு மைக்கை எடுத்துக்கொண்டு பறையடிப்பவரிடமே போகலாம். எதைப் பதிவது, எதை விடுவது, என்ன விலை என்பதை அவர் சொல்லட்டும்.