குவியலும் குப்பையும்: இந்தூர் உரமுறையின் வரலாறு

தமிழில் ‘குப்பை’ என்பதற்குக் குவியல் என்பது பழம்பொருள். உப்புக் குவியலையும் சங்கப் பாடல் அச்சொல்லாலேயே சுட்டுகிறது. ‘கம்போஸ்ட்’ என்னும் சொல்லின் இலத்தீன் வேரும் ‘சேர்த்து வைத்தல்’ என்றே பொருள்படும். இரண்டு சொற்களிலும் ‘எறிதல்’ என்ற கருத்து முதலில் இல்லை. எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதே இந்திய உரக்குழியின் நவீன வரலாறும் ஆகும்.

1905இல் பூசா ஆய்வு நிலையத்திற்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்ட், 1924இல் இந்தூரில் தாவரத் தொழில் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு அவர் எதிர்கொண்ட சிக்கல் எளியது: சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிந்தது, நிலத்திற்கு எரு போதவில்லை. பருத்தி விளையும் அப்பகுதியில் பருத்திமார் மிகுதி. ஆனால் அது எளிதில் மக்காது. எனவே அது வண்டிப்பாதையில் பரப்பப்பட்டுச் சக்கரங்களால் நசுக்கப்பட்டது; பின்னர் மாடுகளின் அடியில் படுக்கையாக இடப்பட்டது. அதன்பின் சாணம், சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றுடன் குழியில் அடுக்கடுக்காக இடப்பட்டு, ஈரம் காத்துக் கிளறப்பட்டது. ஏறத்தாழ மூன்று மாதங்களில் மட்கு கிடைத்தது.

இம்முறையை விளக்கிய 1931ஆம் ஆண்டு நூலுக்கு ஆசிரியர்கள் இருவர்: ஹோவர்ட், யஷ்வந்த் வாட். பிற்கால இயற்கை வேளாண்மை எழுத்துகளில் முதற்பெயரே பெரிதும் நிலைத்தது. உழவர்களைத் தம் ஆசிரியர்கள் என்று ஹோவர்டே குறிப்பிட்டவர். ஆயினும் அந்த உழவர்களுள் எவர் பெயரும் இவ்வரலாற்றில் வழங்கவில்லை. ஒரு முறைக்கு ஊர்ப்பெயர் சூட்டுவதால் மட்டும் அறிவின் உரிமை பகிரப்படுவதில்லை.

1939இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி. என். ஆச்சார்யா நகரக் கழிவுக்கென வேறொரு முறையை வகுத்தார். நகரக் குப்பையும் மலக்கழிவும் குழியில் மாறிமாறி அடுக்கப்பட்டு மூடப்பட்டன, கிளறுதல் தேவைப்படவில்லை. உழைப்பு குறைந்தது, காலம் நீண்டது.

இரு முறைகளுக்கும் அடிப்படை ஒன்றே. தாளிலும் அட்டையிலும் கரிமம் மிகுதி, நைட்ரசன் மிகக் குறைவு. காய்கறிக் கழிவில் ஈரமும் நைட்ரசனும் உண்டு. ஏறத்தாழ 30 பங்கு கரிமத்திற்கு ஒரு பங்கு நைட்ரசன் அமையும்போது நுண்ணுயிர்கள் நன்கு பெருகும். நெகிழிப் பூச்சுள்ள அட்டையோ எந்த விகிதத்திலும் முழுமையாக மக்காது.

2000ஆம் ஆண்டு நகர்ப்புறத் திடக்கழிவு விதிகள் மக்கும் கழிவை உரமாக்கப் பணித்தன. வீட்டிலேயே மூவகையாகப் பிரிக்கும் கடமையை 2016ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. இந்தூர்க் குழியில் இட்டவருக்கு அதில் இருப்பது என்னவென்று தெரியும். நகரக் குப்பையில் அந்த அறிவு வீட்டு வாசலிலேயே அறுந்துபோகிறது. கண்ணாடித் துண்டும் நெகிழியும் கலந்த உரத்தை உழவர் ஏற்கத் தயங்குவதன் காரணமும் அதுவே.