5 மில்லிமீட்டர் மிச்சம்

ஜப்பானில் தச்சரோ, மின்பணியாளரோ, குழாய் பதிப்பவரோ தொழிலுக்கென நடுத்தர வேன் ஒன்று வாங்கப் போனால், அவர் முன் நிற்கும் பெயர்கள் அநேகமாக இரண்டுதான்: டொயோட்டா ஹைஏஸ், நிசான் கேரவன். இரண்டையும் அளந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். இன்றைய ஹைஏஸின் அடிப்படை வடிவம் 4,695 மி.மீ. நீளம், 1,695 மி.மீ. அகலம். கேரவனும் அதே 4,695, அதே 1,695. போட்டி நிறுவனங்கள் இரண்டு, தனித்தனி வரைபட மேசைகளில் உழைத்து, கடைசி மில்லிமீட்டர் வரை ஒரே அளவில் வந்து நிற்பது தற்செயல் அல்ல. நீளத்துக்கு 4.7 மீட்டர், அகலத்துக்கு 1.7 மீட்டர் என்று சட்டம் எல்லை வைத்திருக்கிறது. இரு நிறுவனங்களும் அதில் ஆளுக்கு 5 மில்லிமீட்டரை மட்டும் மிச்சம் வைத்திருக்கின்றன. இந்தப் போட்டியின் வரலாற்றைப் பொறியாளர்களின் கதையாகச் சொல்வது வழக்கம். சட்டம் வண்டியின் உருவத்தைத் தீர்மானித்ததால், வாங்குபவரின் தேர்வு வண்டிக்கு வெளியே போய்விட்ட கதையாகப் படிப்பதே பொருத்தம் என்பது என் வாதம்.

ஜப்பானின் சாலைப் போக்குவரத்து வாகனச் சட்டம் 1951இல் வந்தது. அதன் கீழ் ‘சிறிய வாகனம்’ என்ற வகைக்கு வைத்த எல்லை 1960இல் தளர்த்தப்பட்டு 4.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 2,000 சி.சி. என்றானது. டீசல் எஞ்சினுக்கு சி.சி. வரம்பு கிடையாது. இந்த எல்லைக்குள் அடங்கும் சரக்கு வண்டியின் பதிவெண் 4இல் தொடங்கும். ஓர் அளவு மீறினாலும் 1இல் தொடங்கும் வகைக்குப் போய்விடும். போனால், விரைவுச்சாலைக் கட்டணம் சாதாரணக் காருக்கு உள்ளதைப்போல 1.2 மடங்கு. சரக்கு வண்டி என்று பதிவாக இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஆட்கள் உட்காரும் பரப்பைவிடச் சரக்கு வைக்கும் தளம் பெரிதாக இருக்க வேண்டும். மொத்த நீளம் 4.7 மீட்டருக்குள், அதில் பெரும்பங்கு சரக்குக்கு என்றால் மூக்கு நீட்ட இடம் ஏது? ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேல், எஞ்சின் அவர் இருக்கையின் கீழ் என்ற அமைப்பு அந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

இந்த எல்லைக்குள்தான் இரு குடும்பங்களும் வளர்ந்தன. பிரின்ஸ் நிறுவனம் 1965இல் ஹோமி என்ற வேனைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பிரின்ஸ் நிசானுடன் இணைந்தது. டொயோட்டா 1967இல் ஹைஏஸை இறக்கியது. நிசான் 1973இல் கேரவனை அறிமுகப்படுத்தி, ஹோமியையும் அதன் இரட்டையாக நெடுநாள் விற்றது. ஹைஏஸ் 1977, 1982, 1989, 2004 ஆகிய ஆண்டுகளிலும், கேரவன் 1980, 1986, 2001, 2012 ஆகிய ஆண்டுகளிலும் புதுத் தலைமுறை கண்டன. களத்தில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். இசுசூ தன் சொந்த வேனை நிறுத்திவிட்டு, கேரவனையே கோமோ என்ற பெயரில் விற்றது. மாஸ்டா 2019 முதல் ஹைஏஸையே போங்கோ பிராவ்னி என்று விற்கிறது. எல்லைக்குள் புதிதாகச் செய்ய இடம் குறையக் குறைய, தனியாக ஒரு வேனை வடிவமைக்கும் செலவுக்கு நியாயம் இல்லாமல் போனது இதற்கு ஒரு காரணம் என்று கருதலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒரே வேலைக்கான கருவிகள் காலப்போக்கில் ஒரே வடிவத்துக்கு வருவது இயல்பு; சட்டத்தை ஏன் இழுக்க வேண்டும்? இதற்கான பதிலை டொயோட்டாவே தந்துவிட்டது. 2019இல் அது வெளிநாட்டுச் சந்தைகளுக்காக ஒரு புதிய ஹைஏஸை வெளியிட்டது. அதில் எஞ்சின் இருக்கையை விட்டு முன்னால் வந்தது, மூக்கு நீண்டது, அகலம் 1.95 மீட்டரானது, சின்ன வடிவமே 5.2 மீட்டரைத் தாண்டியது. மோதலில் ஓட்டுநரின் காலைக் காக்க இதுவே நல்ல அமைப்பு. ஆனால் ஜப்பானில் 2004இன் ஹைஏஸே சரக்கு வேனாக இன்னும் விற்பனையில் இருக்கிறது. நிறுவனமும் தொழில்நுட்பமும் ஒன்றே. சட்ட எல்லை மட்டும் வேறு. வேலையின் தன்மைதான் வடிவத்தைத் தீர்மானித்தது என்றால் இந்தப் பிளவு நேர்ந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. எல்லையை மீறக் கூடாது என்று சட்டம் தடுக்கவில்லையே. 1,880 மி.மீ. அகல ஹைஏஸும், 5,380 மி.மீ. நீள ஹைஏஸும் ஜப்பானிலேயே கிடைக்கின்றன. உண்மைதான். ஆனால் அவற்றை யார் வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1992இல் வந்த ஹைமெடிக் என்ற ஆம்புலன்ஸ் ஹைஏஸிலிருந்து பிறந்தது. இன்று அது அகல உடலில் ஓடுகிறது. ஆம்புலன்ஸை இயக்கும், நோயாளியின் இருபுறமும் ஆள் நிற்க வேண்டிய தீயணைப்புத் துறைக்குச் சுங்கக் கட்டணம் ஒரு பொருட்டல்ல. குறுகிய தெருவில் நிறுத்தி, மாதக் கணக்கு பார்த்துப் பிழைக்கும் தொழிலாளிக்கு அது பொருட்டு. எல்லை சுவர் அல்ல, வேலிதான். தாண்டுவதற்குக் காசு கேட்கும் வேலி. சிறு தொழில் செய்பவரை உள்ளே நிறுத்தி வைக்க அந்த அளவே போதும்.

வேலிக்குள் எஞ்சிய போட்டி எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு 2012 சாட்சி. அந்த ஆண்டு வந்த கேரவனில் சரக்குத் தளத்தின் நீளம் 3,050 மி.மீ.; ஹைஏஸில் 3,000. ஜப்பானில் கட்டட மரம் 3 மீட்டர், 4 மீட்டர் நீளங்களில் வருகிறது. பிளைவுட் பலகை 910க்கு 1,820 மி.மீ. பலகை இரண்டிலும் படுத்துவிடும். 3 மீட்டர் மரம் ஹைஏஸில் விளிம்போடு விளிம்பாக முட்டும். கேரவனில் கை நுழைய இடம் கிடைக்கும். அந்த 50 மில்லிமீட்டரை நிசான் பெருமையாகவே விளம்பரப்படுத்தியது. அளவுகோல் மட்டும் தீர்ப்புச் சொன்னால் கேரவன் வென்றிருக்க வேண்டும். ஆனாலும் விற்பனையில் ஹைஏஸ்தான் வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

அப்படியானால் தீர்ப்பைச் சொன்னது எது? ஒரே உடல் 20 ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததால், ஹைஏஸுக்கான அலமாரி, ஏணித் தாங்கி, தரைப்பலகை என்று துணைப்பொருள்கள் குவிந்தன. சரக்கு வண்டிக்கு முதல் தகுதிச் சோதனை 2 ஆண்டில், பிறகு ஆண்டுதோறும் என்பது விதி. ஆகவே பட்டறைக்காரரின் பழக்கமும் உதிரிபாகத்தின் கையிருப்பும் உரிமையாளருக்கு ஒவ்வோர் ஆண்டும் தேவைப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேல் மறுவிற்பனை விலை. ஜப்பானில் திருடுபோகும் வண்டிகளின் பட்டியலில் ஹைஏஸ் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. விற்க முடியும் என்று தெரிந்த வண்டியைத்தான் திருடன் தொடுவான்.

அந்த விலைக்குக் கடல் கடந்த ஆதரவும் உண்டு. டீசல் புகைக்கு எதிராக, டோக்கியோ ஆளுநர் இஷிஹாரா 1999இல் டீசல் கரியைப் பிளாஸ்டிக் போத்தலில் அடைத்துக் காட்டினார். 2003 அக்டோபரிலிருந்து தலைநகர்ப் பகுதியில் பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. இடதுபுறம் ஓட்டும் நாடுகளுக்கு ஜப்பானிய வேன்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தன. ஊரில் ஓடத் தடைபட்டவற்றுக்கும் அங்கே சந்தை இருந்தது. இலங்கையில் 1989 தலைமுறை ஹைஏஸ் ‘டொல்பின்’ என்றும், 2004 தலைமுறை ‘கே.டி.எச்.’ என்றும் புழங்குகின்றன. கேரவனும் அங்கே பழக்கமான வண்டிதான். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன்காரர் ஜப்பானிய அளவு விதிக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. ஆனாலும் அந்த விதி அளந்த உடலையே அவர் வாங்குகிறார். அவர் தரும் விலை திரும்பிப்போய், ஒசாக்காவில் புது ஹைஏஸ் வாங்குபவரின் கணக்கில் வரவாகிறது.

ஆகவே இரண்டில் எது நல்லது என்ற கேள்விக்கு வண்டியைப் பிரித்துப் பார்த்து விடை தேடினால் பாதிதான் கிடைக்கும். 3 மீட்டருக்கு மேல் சரக்கு ஏற்றுபவர் கேரவனை எடுக்கலாம். பத்தாண்டு கழித்து விற்கப்போகிறவர் ஹைஏஸுக்குக் கூடுதல் விலை தருவதில் நியாயம் உண்டு. வாங்குபவர் சட்டத்துக்குக் கொடுக்கும் விலை ஒன்றும் இதில் இருக்கிறது: எந்த வேனைத் தேர்ந்தாலும் அவர் எஞ்சின்மேல்தான் உட்கார வேண்டும், முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகடுதான். வேறு நாட்டு ஓட்டுநருக்கு 2019இலேயே கிடைத்த பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காததற்கு டொயோட்டாவின் சோம்பலைவிட 1960இன் எண்களே பெரிய காரணம். அந்த எண்கள் திருத்தப்படும் நாளில்தான் இரு வேன்களுக்கும் இடையே உண்மையான போட்டி மறுபடி தொடங்கும்.