கின்னஸ் ஸ்டவுட்டின் புகழ்: ஈட்டியது எது, ஒட்டிக்கொண்டது எது?

உலகின் பெயர்பெற்ற கருப்பு பீர் எது என்று கேட்டால் பெரும்பாலோர் கின்னஸ் என்றே சொல்வார்கள். அந்தப் புகழைத் தாங்கி நிற்கும் நம்பிக்கைகள் சில உண்டு. 1759 முதல் செய்முறை மாறவில்லை, மற்ற பீர்களைவிடக் கனமானது, வலுவானது, உடம்புக்கு நல்லது, டப்ளினில் குடித்தால்தான் அதன் அசல் சுவை கிடைக்கும். இவற்றில் எது சான்றுகளுக்கு முன்னால் நிற்கிறது என்பதை ஆலையின் வரலாறு, வரிச் சட்டங்கள், தொழில்நுட்ப மாற்றங்கள் ஆகியவற்றை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புகழை ஈட்டிய பானமும் இன்று அந்தப் புகழை அனுபவிக்கும் பானமும் ஒன்றல்ல.

லண்டன் சரக்கு

ஆர்தர் கின்னஸ் 1755இல் டப்ளினுக்கு அருகிலுள்ள லெய்க்ஸ்லிப் என்ற ஊரில் தொழிலைத் தொடங்கினார். 1759 டிசம்பர் 31 அன்று டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட் பகுதியில், பயன்பாடற்றுக் கிடந்த ஆலை ஒன்றை ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தார். இந்தக் குத்தகைக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே அவர் முதலில் காய்ச்சியது ஏல் என்ற வேறு வகை பீர் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. கருப்பு பீர் அப்போது அயர்லாந்துக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு.

அந்தச் சரக்கின் பெயர் போர்ட்டர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனில் உருவாகி, மூட்டை தூக்கும் தொழிலாளர்களின் விருப்ப பானமாகி, அவர்கள் பெயராலேயே வழங்கியது. ரால்ஃப் ஹார்வுட் என்ற ஒருவரே 1722இல் இதைக் கண்டுபிடித்தார் என்ற கதை பின்னாளில் புனைந்து சேர்க்கப்பட்டது. இன்றைய பீர் வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. விறகுத் தீயில் உலர்த்திய பழுப்பு மால்ட் (முளைகட்டிய பார்லி), கசப்புக்குத் தாராளமான ஹாப்ஸ், பெரிய மரத்தொட்டிகளில் பல மாத ஊறல் ஆகியவை சேர்ந்து படிப்படியாக உருவான பீர் அது. லண்டன் போர்ட்டர் டப்ளின் சந்தையைப் பிடிக்கத் தொடங்கியதும் கின்னஸ் 1770களில் தானும் போர்ட்டர் காய்ச்சினார். 1799இல் ஏலை முற்றிலும் கைவிட்டார். ஆகவே 1759 என்பது நிறுவனத்தின் பிறந்த ஆண்டு. அந்தப் பானத்தின் பிறந்த ஆண்டு அன்று.

கருமை வந்த வழி

அந்தத் தொடக்கக்கால போர்ட்டரும் இன்று நாம் காணும் கரிய நிறத்தில் இருக்கவில்லை, பழுப்பாகவே இருந்தது. கருமைக்குக் காரணம் ஓர் அளவுக்கருவியும் ஒரு வறுக்கும் உருளையும். மால்ட்டிலிருந்து நீரில் எவ்வளவு சர்க்கரை இறங்குகிறது என்பதை ஹைட்ரோமீட்டரால் அளக்க முடியும் என்று ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் எழுதிய நூல் காட்டியது. அளந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. பழுப்பு மால்ட் விலை மலிவு. ஆனால் அது தரும் சர்க்கரையோ மிகக் குறைவு. வெளிர் மால்ட்டின் விலை கூடுதல் என்றாலும் கணக்குப் பார்த்தால் அதுவே லாபம். ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின. பீரின் நிறம் வெளுத்தது, வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள்.

நிறத்தை மீட்க என்னென்னவோ கலந்தார்கள். பிரிட்டிஷ் அரசு 1811இல் கருக்கிய சர்க்கரையை அனுமதித்தது. 1816இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்று, மால்ட், ஹாப்ஸ் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்றது. அடுத்த ஆண்டே, 1817இல், டேனியல் வீலர் சுழலும் உலோக உருளையில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சிறிதளவு கருப்பு மால்ட் போதும், பீப்பாய் முழுவதும் கருக்கும். சட்டப்படியும் அது மால்ட்தான். கின்னஸ் ஆலை இதை விரைவிலேயே எடுத்துக்கொண்டது. வெளிர் மால்ட்டும் கருப்பு மால்ட்டும் மட்டும் சேர்ந்த வறண்ட, கசப்பான ஐரிஷ் சுவை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மால்ட் வரியைத் தவிர்ப்பதற்காக ஆர்தர் கின்னஸ் முளைகட்டாத பார்லியை வறுத்துச் சேர்த்தார், அதுவே கின்னஸின் தனிச்சுவை என்று ஒரு கதை இன்றும் பரவலாக உலவுகிறது. இது நடந்திருக்க முடியாது. 1880இல் மால்ட் வரி ஒழிக்கப்படும் வரை முளைகட்டாத தானியத்தைச் சேர்ப்பது குற்றம். வறுத்த பார்லி கின்னஸுக்குள் நுழைந்தது 20ஆம் நூற்றாண்டில். அவல் போலத் தட்டிய பார்லி அதற்கும் பின்னால், நுரைக்கும் வாயில் படும் தடிமனுக்கும் வந்து சேர்ந்தது. மாறாத செய்முறை என்ற முதல் நம்பிக்கை இங்கேயே விழுந்துவிடுகிறது.

புகழை ஈட்டிய நூற்றாண்டு

கின்னஸ் தன் பெயரை உழைத்துச் சம்பாதித்த காலம் 19ஆம் நூற்றாண்டு. 1801இல் ஆலை ஏட்டில் 'வெஸ்ட் இண்டியா போர்ட்டர்' என்ற பெயர் வருகிறது. கரீபியன் கடல் வரை மாதக்கணக்கில் வெப்பத்தில் பயணம் செய்தாலும் கெடாமலிருக்க, கூடுதல் ஹாப்ஸும் கூடுதல் வலுவும் சேர்த்துக் காய்ச்சியது அது. 1821இல் இரண்டாம் ஆர்தர் கின்னஸ் தன் உயர்வகைப் போர்ட்டருக்கான செய்முறையைத் துல்லியமாக வரையறுத்தார். ஸ்டவுட் என்பது அப்போது வலுக்கூடிய போர்ட்டருக்கு வழங்கிய பெயர். அயர்லாந்தில் அதுவரை பெரிய ஆலை கார்க் நகரின் பீமிஷ் அண்ட் கிராஃபோர்டு. 1833இல் கின்னஸ் அதை முந்தியது. 1886இல் எட்வர்ட் செசில் கின்னஸ் லண்டன் சந்தையில் பங்குகளை வெளியிட்டபோது, அது உலகின் மிகப் பெரிய பீர் ஆலை.

எக்ஸ்ட்ரா ஸ்டவுட் என்று கின்னஸ் அந்தக் காலத்தில் விற்ற வலுவான வகையில் ஆல்கஹால் ஏறத்தாழ 7 சதவீதம். மரத்தொட்டிகளில் நெடுநாள் கிடந்து லேசாகப் புளித்த பழைய பீரைப் புதிய பீரோடு கலந்தார்கள். அந்தப் புளிப்பும் மரவாடையும் இல்லாமல் அன்றைய ஸ்டவுட்டின் சுவையைப் புரிந்துகொள்ள முடியாது. (உள்ளூர் மதுக்கடைகளில் சாமானியர்கள் குடித்தது பெரும்பாலும் இதைவிட வலுக்குறைந்த சாதாரண போர்ட்டர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.)

இந்த ஆலை அறிவியலில் வைத்த நம்பிக்கையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலும் கணிதமும் படித்த வில்லியம் சீலி காசெட் 1899இல் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவர்முன் இருந்த சிக்கல் எளிமையானது, அதே சமயம் யாரும் தீர்க்காதது. பார்லி ரகங்களையும் ஹாப்ஸையும் ஒப்பிடக் கையில் இருந்தவை ஒரு சில மாதிரிகளே. அன்றைய புள்ளியியல் முறைகளோ நூற்றுக்கணக்கான மாதிரிகளை எதிர்பார்த்தன. நாலைந்து அளவீடுகளை வைத்து, இந்த ரகம் அதைவிட மேல் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? லண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வகத்தில் சில காலம் இருந்து இதற்கு விடை கண்டார். 1908இல் 'பயோமெட்ரிகா' இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத நிறுவனம் இடம் தராததால் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். இன்று மருந்துச் சோதனையிலும் வேளாண் ஆய்விலும், நம் கல்லூரிகளின் முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் அன்றாடம் பயன்படும் டி-சோதனை பிறந்தது இந்த பீர் ஆலையில்தான். எந்த மதுபான நிறுவனமும் மனித அறிவுக்கு இதைவிடப் பெரிய கொடை தந்ததாக எனக்குத் தெரியவில்லை. கின்னஸ் தன் புகழுக்குத் தகுதியானது என்று நான் ஐயமின்றிச் சொல்லும் முதல் இடம் இது.

வலு இறங்கியது, விளம்பரம் ஏறியது

முதல் உலகப்போர் தானியத்துக்குக் கட்டுப்பாட்டையும் பீருக்குக் கடும் வரியையும் கொண்டுவந்தது. ஸ்டவுட்டின் வலு குறைந்தது. போருக்குப் பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இரண்டாம் உலகப்போர் இன்னும் கீழே இறக்கியது. இன்று மதுக்கடைக் குழாயிலிருந்து ஊற்றும் டிராஃப்ட் கின்னஸில் ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம், சாதாரண லாகர் பீரின் அளவைவிடச் சற்றுக் குறைவு. ஒரு பைண்டில் ஏறத்தாழ 210 கலோரி. இதுவும் மற்ற பல பீர்களுக்கு மேல் இல்லை. கருமையையும் கெட்டி நுரையையும் பார்த்துக் கனமானது என்று கண் சொல்கிறது, நாக்கும் அதை நம்பிவிடுகிறது.

பானம் மெலிந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் விளம்பரம் தடித்தது. 1929இல் எஸ்.எச். பென்சன் நிறுவனம் கின்னஸ் உங்களுக்கு நல்லது என்ற பொருள்பட விளம்பரம் செய்தது. ஓவியர் ஜான் கில்ராய் வரைந்த விலங்குகளும், 1935இல் வந்த டூக்கன் பறவையும் தெருவெல்லாம் நின்றன. துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸும் அந்த நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதியவர். நம் ஊரில் குழந்தைகளும் அறிந்த கின்னஸ் சாதனைப் புத்தகமும் இதே மரபில் பிறந்ததே: நிர்வாக இயக்குநர் ஹியூ பீவர், எந்தப் பறவை வேகமாகப் பறக்கும் என்று வேட்டையில் எழுந்த வாக்குவாதத்திலிருந்து யோசித்து, மதுக்கடை விவாதங்களைத் தீர்க்க 1955இல் கொண்டுவந்தார்.

உடல்நலக் கூற்றுக்கு வருவோம். அயர்லாந்தில் இரத்த தானம் செய்தவர்களுக்கும் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும் கின்னஸ் கொடுத்த வழக்கம் உண்மையிலேயே இருந்தது. காரணம் இரும்புச்சத்து. ஆனால் ஒரு பைண்டில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராமில் ஒரு சிறு பங்குதான் தேறும். வளர்ந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை அதைப் போலப் பல மடங்கு. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரைக்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஸ்டவுட் நல்லது என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் கேட்கிறது. அது தீங்கான பேச்சு. அதை ஒருவரும் நம்ப வேண்டாம்.

நுரையின் பொறியியல்

பழைய டப்ளின் மதுக்கடைகளில் இரண்டு பீப்பாய்கள் இருக்கும். மேல் தட்டில் இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் இளம் ஸ்டவுட், கீழ்த் தட்டில் அடங்கிப்போன பழையது. முதலில் மேலிருந்து பிடித்து, பொங்கும் நுரை தணியக் காத்திருந்து, பிறகு கீழிருந்து நிரப்புவார்கள். இன்று ஒரு குழாயிலிருந்தே வரும் கின்னஸை இரண்டு தவணையாக ஊற்றும் சடங்கு அந்த நாளின் மிச்சம்.

இந்த அனுபவத்தை ஒரே உலோகக் கலனுக்குள் அடக்கியவர் மைக்கேல் ஆஷ், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். 1950களில் சக ஊழியர்கள் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிய வேலையை அவர் விடவில்லை. கரியமில வாயுவோடு நைட்ரஜனைக் கலந்தார். நைட்ரஜன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆகவே குமிழிகள் நுண்ணியவையாக எழுகின்றன, நுரை நெடுநேரம் கலையாமல் நிற்கிறது, நாக்கைச் சுண்டும் காரம் குறைகிறது. 1959இல், ஆலையின் 200ஆம் ஆண்டில், இது சந்தைக்கு வந்தது. 1980களின் இறுதியில் டின்னுக்குள்ளேயே நைட்ரஜன் அடைத்த ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்து, வீட்டிலும் அதே நுரையைக் கொண்டுவந்தார்கள்.

கோப்பையில் ஊற்றியதும் குமிழிகள் கீழ்நோக்கி இறங்குவதைப் பார்க்கலாம். லிமெரிக் பல்கலைக்கழகத்தின் கணிதவியலாளர்கள் 2012இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். கோப்பை கீழே குறுகியிருப்பதால் குமிழிகள் நடுப்பகுதியில் அடர்ந்து மேலேறுகின்றன; ஓரமாக இருக்கும் பீர் கீழே இறங்கும்போது அங்குள்ள சிறு குமிழிகளையும் இழுத்துச் செல்கிறது.

டிராஃப்ட் கின்னஸின் புகழுக்கு நியாயமான அடிப்படை இந்த நுரை. இதற்கு ஒரு விலையும் உண்டு. நைட்ரஜனும் குளிரும் வறுவல் மணத்தையும் ஹாப்ஸின் கூர்மையையும் மழுக்கிவிடுகின்றன. வழவழப்பு கிடைத்தது, பழைய ஸ்டவுட்டின் முறுக்கு போனது.

டப்ளினில்தான் சுவை அதிகம் என்ற நம்பிக்கையைச் சோதிக்க, ஆய்வாளர்கள் நால்வர் 14 நாடுகளில் 33 நகரங்களின் 71 மதுக்கடைகளில் குடித்து மதிப்பெண் போட்டு, 2011இல் உணவு அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். நூற்றுக்கு அயர்லாந்தில் சராசரி 74, மற்ற இடங்களில் 57. கடையின் சூழல் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாடு நின்றது. ஆனால் எந்த நாட்டில் உட்கார்ந்து குடிக்கிறோம் என்பது குடிப்பவர்களுக்குத் தெரியும். அதனால் இதை முடிந்த முடிபாக நான் கொள்ளவில்லை. குழாய்கள் ஒழுங்காகச் சுத்தமாகி, பீப்பாய் வேகமாகத் தீர்ந்து, சரக்கு புதிதாக இருக்கும் ஊரில் எந்த பீரும் நன்றாக இருக்கும் என்பதே போதுமான விளக்கம்.

வெப்ப நாடுகளில் தங்கியது

அப்படியானால் 19ஆம் நூற்றாண்டின் அந்த வலுவான ஸ்டவுட் எங்கே போயிற்று? வெஸ்ட் இண்டியா போர்ட்டரின் வழிவந்த ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் பாட்டிலில் அது இன்னும் இருக்கிறது. ஆல்கஹால் 7.5 சதவீதம், கசப்பு, வறுவல், ஓரமாக ஒரு புளிப்பு. 1827இல் சியரா லியோனுக்குக் கப்பலேறியது முதல் ஆப்பிரிக்காவும் கரீபியனும் தென்கிழக்கு ஆசியாவும் இந்த வலுவை விட்டுக்கொடுக்கவில்லை. 1960களில் நைஜீரியாவிலும் மலேசியாவிலும் கின்னஸ் ஆலைகள் எழுந்தன. 1980களின் இறுதியில் நைஜீரியா பார்லி இறக்குமதியைத் தடுத்தபோது, அங்கே சோளத்தையும் மக்காச்சோளத்தையும் கொண்டு காய்ச்சி, டப்ளினிலிருந்து வரும் அடர்சாற்றைச் சேர்த்தார்கள். 2007இல் விற்பனையில் நைஜீரியா அயர்லாந்தையே முந்தியது.

இலங்கையிலும் இந்த மரபு தனியாக வேர்விட்டது. 1881இல் நுவரெலியாவில் தொடங்கிய சிலோன் புரூவரியின் லயன் ஸ்டவுட் 8 சதவீதத்தைத் தாண்டும் வலுவோடு, இனிப்பும் வறுவலும் கூடியது. ஆங்கிலேய பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதை மனமாரப் புகழ்ந்து உலக வாசகர்களிடம் கொண்டுசேர்த்தார். விளம்பரப் பலம் எதுவுமின்றி, கோப்பையில் இருப்பதை மட்டும் வைத்து மதிப்பிட்டால், டப்ளினின் டிராஃப்ட் பைண்டைவிட இது மேலான ஸ்டவுட் என்பது என் தீர்ப்பு. கின்னஸ் என்ற பெயருக்குள் பார்த்தால், அந்தப் பெயரின் மதிப்பைக் காப்பது ஃபாரின் எக்ஸ்ட்ரா பாட்டில். டிராஃப்டுக்கு உரியது நுரைக்கான பாராட்டு மட்டுமே.

டப்ளின் ஆலையைப் பற்றி நூல்கள் நிறைய வந்துவிட்டன. நுவரெலியா, கோலாலம்பூர், லாகோஸ் ஆலைகளின் கதை அதே அக்கறையோடு எழுதப்படவில்லை. இலங்கை, மலேசியத் தமிழ் ஆய்வாளர்கள் தங்கள் ஊர் ஆலைகளில் வேலை பார்த்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.