அவசரப்பட்டு பிளே பட்டனை அழுத்தாதீங்க... கேசட் கம்ப்யூட்டரை இயக்க ஈஸி கைடு!

பரணில் கிடந்ததோ, ஆன்லைனில் வாங்கியதோ... சின்க்ளேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் 48கே கம்ப்யூட்டர் ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டதா? 1982-ல் பிரிட்டனில் வெளியான இதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. கேம்ஸ், புரோகிராம் எல்லாம் நாம் பாட்டு கேட்ட அதே ஆடியோ கேசட்டில்தான். மெஷின் பழுதானால் சரிசெய்துவிடலாம். ஆனால், அந்தக் காலத்தில் யாரோ உட்கார்ந்து டைப் செய்து சேமித்த புரோகிராம் டேப்போடு அழிந்தால், போனது போனதுதான். அதனால் இந்த வரிசையில் போங்க.

பவரில் கவனம்!

இதற்குத் தேவை 9 வோல்ட் டி.சி. பிளக்கின் நடுப்பகுதி நெகட்டிவாக இருக்க வேண்டும். இப்போது கிடைக்கும் பல அடாப்டர்களில் நடுப்பகுதி பாசிட்டிவ். மாற்றிச் செருகினால் உள்ளே இருக்கும் பாகங்கள் காலி. ஆன்/ஆஃப் சுவிட்ச் கிடையாது. பிளக்கைச் செருகினாலே ஆன். படம் ஆன்டெனா சாக்கெட் வழியாக வருவதால் அனலாக் டியூனர் உள்ள டி.வி தேவை. திரையின் கீழே ‘1982 சின்க்ளேர் ரிசர்ச்’ என்ற வரி வந்தால், மெஷின் உயிரோடு இருக்கிறது!

முதலில் காப்பி

டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீங்க. கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிட்டால், தவறிப்போய் மேலே ரெக்கார்டு ஆகாது. பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பிறகு ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து லேப்டாப்புக்கு வயர் கொடுத்து, முழு டேப்பையும் வேவ் ஃபைலாகப் பதிவு செய்யுங்கள். கேம் விளையாடுவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

லோடு செய்வது எப்படி?

பிளேயரின் ஹெட்போன் சாக்கெட்டை, கம்ப்யூட்டரின் ‘இயர்’ சாக்கெட்டுடன் இணையுங்கள். ‘ஜே’ பட்டனைத் தட்டினால் ‘லோட்’ என்ற முழு வார்த்தையும் வரும். சிம்பல் ஷிஃப்ட்டைப் பிடித்தபடி ‘பி’ பட்டனை இரண்டு முறை தட்டினால் மேற்கோள் குறிகள். என்டர் கொடுத்து டேப்பை ஓட விடுங்கள்.

திரையின் ஓரங்களில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடும். டேட்டா வரும்போது நீலமும் மஞ்சளுமாக மாறும். 48கே-வை நிரப்பும் ஒரு கேம் ஏற சுமார் 5 நிமிடம் ஆகும். அதுவரை ஒரு காபி போட்டுக் குடிக்கலாம்!

எரர் வருதா?

‘டேப் லோடிங் எரர்’ வந்தால் டென்ஷன் வேண்டாம். பெரும்பாலும் வால்யூம்தான் பிரச்னை. முக்கால் அளவில் ஆரம்பித்து, கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அப்படியும் வரவில்லையா? ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை மெல்லத் திருப்புங்கள். கீச்சென்ற சத்தம் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ, அதுதான் சரியான இடம்.

நீங்களே எழுதிய புரோகிராமை சேவ் செய்யும்போது ‘இயர்’ வயரைக் கழற்றிவிடுங்கள். சேவ் ஆனதும் ‘வெரிஃபை’ கட்டளை கொடுத்து, சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் போனால், மெமரியில் இருப்பதும் போய்விடும்!